மெஷின் சும்மா நின்ற நாள்

ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். முன்வாசலில் கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் பூ, சிரித்த முகம். நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். பேக்கரி, அச்சகம், மருந்து மொத்தக் கடை என்று நான் நிற்காத பின்வாசல் இல்லை. சரக்கு தயாராக இருந்தால் ஏற்றிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் வண்டியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். என் ஹாரன் சத்தத்தை வைத்தே யார் தாமதம் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

என்னை அதிகமாகக் காக்க வைத்தது அந்த லாண்டரிதான். லாண்டரி என்றால் தெரு முனையில் நாலு சட்டை தேய்க்கிற கடை இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அங்கேதான் வரும். கட்டில் விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி. அதுபோக ஒரு லாட்ஜின் விரிப்புகளும் உண்டு. உள்ளே போனால் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நான்கு வாஷிங் மெஷின், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் உட்காரலாம். எதிர்ச்சுவரில் துணி காய வைக்கிற இரண்டு டிரையர். அதைத் தாண்டி விரிப்பைச் சூடாகத் தேய்த்து வெளியே தள்ளுகிற ரோலர். கடைசியில் மடிப்பு மேஜை, பிறகு பின்வாசல், அங்கே நான்.

கடை ஒரே குடும்பத்துக் கடை. வாஷிங் மெஷின்கள் பக்கம் கடைக்காரர். அவரை நான் மெஷின் அண்ணன் என்பேன். மெஷினின் முனகலைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அவ்வளவு பாசம். ரோலரும் மடிப்பு மேஜையும் அவர் தங்கையிடம். டிரையர் பக்கம் ஓர் ஒல்லி ஆள். நாள் முழுக்க அனலில் நிற்பதால் அவனுக்கு அடுப்பு என்று பெயர். இவர்கள் எல்லோருக்கும் நடுவே எங்கே கை குறைகிறதோ அங்கே ஓடுவது அண்ணனின் மனைவி. எனக்கு அக்கா. ஓடுவது என்றால் நிஜமாகவே ஓட்டம். அந்தக் கடையில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு ஒரே ஒரு கொள்கை. மெஷின் சும்மா நிற்கக் கூடாது. காலையில் வந்ததும் நான்கையும் நிரப்பிவிடுவார். ஒன்று முடிந்ததும் ஈரத்துணியை அள்ளிச் சக்கரம் வைத்த டிராலியில் கொட்டி, டிரையர் பக்கம் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அடுத்த அழுக்கைப் போட்டுவிடுவார். நான்கு மெஷின் துவைப்பதை இரண்டு டிரையர் எப்படிக் காய வைக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. டிராலி போதவில்லை என்றால் இன்னும் டிராலி வாங்குவார். இப்படி வாங்கி வாங்கி, கல்யாண வீட்டு வாசலில் செருப்பு கிடப்பதுபோல் டிரையர்களுக்கு முன்னால் டிராலியாக நிற்கும். காலையில் தங்கைக்கு வேலையே இருக்காது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசுவாள். சாயங்காலம் எல்லாம் ஒரேயடியாக வந்து அவள் தலையில் விழும், அழுதுகொண்டே மடிப்பாள். ஈரத்தில் கிடந்து வாடை பிடித்த துணி மறுபடி வாஷிங் மெஷினுக்கே போகும்.

அந்த டிராலிகளில் இருந்து சொட்டிய தண்ணீரில்தான் அக்கா வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. வீட்டில் படுக்கச் சொன்னார்கள். அக்காவா படுப்பார்? பின்வாசலோரம் நாற்காலி போட்டு, காலை ஒரு சோப்புப் பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் ஊன்றுகோலுடன் உட்கார்ந்துவிட்டார். நான் காத்திருக்கும் இடமும் அதுதான் என்பதால் பேச்சுத் துணைக்கு நான் கிடைத்தேன்.

ஒருநாள் அக்கா ஊன்றுகோலால் ஒரு டிராலியைக் காட்டினார். கைப்பிடி உடைந்து சிவப்புத் துணி சுற்றிய டிராலி.

"தம்பி, அந்தச் சிவப்புத் துணி கட்டுனதைப் பாரு. காலையில நான் வந்து உக்காரும்போதும் அங்கதான் நின்னுச்சு."

"இப்பவும் அங்கதானே நிக்குது?"

"அதான் சொல்றேன். மூணு தடவை நகத்துனாங்க. உள்ள போறதுக்காக இல்ல, வேற டிராலிக்கு வழி விடறதுக்காக. அதுல இருக்கற துணி டிரையருக்குள்ள இருக்கப்போறது கொஞ்ச நேரம். ரோலர்ல ஒரு நிமிஷம். மத்த நேரமெல்லாம் இப்படி நின்னுக்கிட்டே இருக்கு. நம்ம தொழில் துவைக்கிறதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். பாத்தா, ஈரத்துணிய நிக்க வெக்கிறதுதான் தொழிலே."

"இவ்வளவு நாளா தெரியலையாக்கா?"

"எங்க தெரியும்? நானும் அதைத் தள்ளிக்கிட்டு ஓடிக்கிட்டுல்ல இருந்தேன். கால் உடைஞ்சாத்தான் கண்ணு தெரியுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் நான் பேச்சு வாங்கியிருந்தேன். பச்சைத் துணி நேரத்துக்குப் போகாததால் ஓர் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பச்சைத் துணி துவைக்காமல் இல்லை. அதிகாலையிலேயே துவைத்தாயிற்று. எந்த டிராலியின் அடியில் கிடக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் டிராலி டிராலியாகக் கையை விட்டுத் துழாவியது இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

துணிப் பொறுப்பைப் பார்க்கும் தலைமை நர்ஸ் சத்தம் போடாத மனுஷி. அதனாலேயே பயம். திங்கட்கிழமைதான் துணி அதிகம். வருகிற திங்கட்கிழமை பச்சை மத்தியானத்துக்குள் வர வேண்டும், மிச்சம் நாலு மணிக்குள் வர வேண்டும் என்றார். வராவிட்டால் என்ன என்பதையும் அமைதியாகவே சொன்னார். "வரலைன்னா உங்க வண்டி காலியாப் போகும். அழுக்குத் துணி வேற வண்டியில ஏறும்."

ஆஸ்பத்திரி போனால் கடை இல்லை. லாட்ஜை மட்டும் நம்பி நான்கு மெஷினை வைத்துக்கொள்ள முடியாது. வெளியூரில் ஒரு பெரிய லாண்டரி அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஆஸ்பத்திரி கைவிட்டுவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு அங்கே போய்விடுகிறேன், லீவு கிடைக்கிறபோது வருகிறேன் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது நெஞ்சில் முள். கல்யாணம் ஆன நாளில் இருந்து இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் ஒரே சோப்பு வாடையில் வேலை பார்த்தவர்கள். "அவர் போயிட்டா நான் இந்த ஊர்ல யாரோட சண்டை போடறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா அண்ணனிடம் நேராகவே சொல்லிப் பார்த்தார். டிரையர் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு மட்டும் துவைக்கலாம், முதலில் பச்சை, அப்புறம் மிச்சம், லாட்ஜ் துணியை ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் எடுக்கலாம் என்று. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேலை அதிகம்னு நீயே சொல்ற. மெஷினை நிறுத்துன்னும் நீயே சொல்ற. தீயை அணைச்சிட்டு சோறு ஆக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

"மெஷினை நிறுத்தச் சொல்லலைங்க. டிரையர் கேக்கறப்ப ஓட்டுங்கன்னுதான் சொல்றேன்."

"மெஷின் நின்னா எனக்கு உடம்பு நின்ன மாதிரி. போதும், விடு."

அதோடு பேச்சு முடிந்தது. அக்கா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஆபத்து என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா எனக்குப் போன் செய்து வண்டியோடு வரச் சொன்னார். அண்ணன் சாப்பிட்டுவிட்டு வீட்டில் அசந்து தூங்குகிற நேரம். லாண்டரியின் பின்வாசல் திறந்திருந்தது. அக்கா நாற்காலியில், சாவிக்கொத்து மடியில். பக்கத்தில் நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தம்பி, ஆறு டிராலியை விட்டுட்டு மத்ததையெல்லாம் ஏத்து."

"எங்கக்கா கொண்டு போறது?"

"எனக்குத் தெரியாத இடத்துக்கு. அவரு கேட்டா நான் பொய் சொல்லக் கூடாதுல்ல."

நான் நிறைய சரக்கு ஏற்றியிருக்கிறேன். இவ்வளவு குஷியாக ஒருநாளும் ஏற்றியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று செருகி, கயிறு கட்டி, மூன்று நடையில் மொத்தத்தையும் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். என் பிள்ளைகள் அதில் ஏறி ரயில் ஓட்டினார்கள். என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, இது எந்தக் கூத்து என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு டிராலியை ஓரமாக இழுத்து அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்ப் பின்வாசலில் நின்றுவிட்டேன். இந்த வேடிக்கையை யாராவது தவற விடுவார்களா?

அண்ணன் வந்தார். நான்கு மெஷினையும் நிரப்பினார். அக்கா கேட்டுக்கொண்டதற்காகப் பச்சையை முதலில் போட்டார், அந்த மட்டுக்கு நல்ல மனுஷன். முதல் சுற்று முடிந்து ஈரத்துணியை அள்ளினார். நான்கு டிராலி நிரம்பின. மறுபடியும் நான்கு மெஷினையும் ஓடவிட்டார். அடுத்த சுற்றில் இரண்டு டிராலிதான் கிடைத்தது. திரும்பிப் பார்த்தார். சுவரோரம் போய்ப் பார்த்தார். கக்கூஸ் கதவைக்கூடத் திறந்து பார்த்தார்.

"டிராலி எங்க?"

அடுப்பு டிரையருக்குள் தலையை விட்டுக்கொண்டான். தங்கை ரோலரை ரொம்ப அக்கறையாகத் துடைத்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தேன்.

"நான்தான் அனுப்பிட்டேன்" என்றார் அக்கா. "இன்னைக்கு ஆறுதான்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஈரத்துணியைத் தரையில் கொட்டவும் வழியில்லை. துவைத்த துணி தரையைத் தொட்டால் சீட்டைக் கிழிப்பேன் என்று அவரே எல்லோருக்கும் போட்ட சட்டம் அது. மூன்றாவது மெஷின் முடிந்து மணி அடித்தது, நான்காவதும் அடித்தது. துணி உள்ளேயே கிடந்தது. டிரையர் ஒரு டிராலியைக் காலி செய்து கொடுத்தால்தான் வெளியே எடுக்க முடியும். இரண்டு மெஷின் சும்மா நின்றன. அண்ணன் அவற்றுக்கு முன்னால் அங்கும் இங்கும் நடந்ததைப் பார்த்தால் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

"இன்னைக்கு ஆஸ்பத்திரி போச்சுன்னா உன்னாலதான்" என்றார்.

"ஆமாங்க, என்னாலதான். போகலைன்னாலும் என்னாலதான்."

அக்காவின் குரல் உறுதியாக இருந்தது. ஊன்றுகோலைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன்.

சும்மா நிற்க முடியாத மனுஷன் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்? திட்டிக்கொண்டே டிரையர் பக்கம் போனார். வாஷிங் மெஷினில் இருந்து வருகிற விரிப்புகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி இருக்கும். அப்படியே திணித்தால் காயாது. அடுப்பு தனியாக ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்குள் டிரையர் காலியாக நிற்கும். அண்ணன் அந்தப் பக்கம் ஒரு நுனியைப் பிடித்தார், அடுப்பு இந்தப் பக்கம் பிடித்தான், உதறிப் பிரித்துப் பிரித்து அடுக்கினார்கள். டிரையர் கதவு திறந்ததும் அடுத்த துணி தயாராக இருந்தது. நான் அந்தக் கடையில் அதற்கு முன் பார்க்காத காட்சி அது.

பச்சைத் துணி முழுக்கக் காய்ந்து, மடித்து, கட்டாகி என் வண்டிக்கு வந்தபோது நான் காலை டீயே குடித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினேன். கையெழுத்துப் போட்ட ஆள் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் கடையில் வேறு சத்தம். எப்போதும் கூச்சல் கேட்கும், இன்று தங்கை ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது. ரோலரில் இருந்து விரிப்பு ஒன்று வரும், மடிப்பாள், வைப்பாள், அடுத்தது வரும். குவியலும் இல்லை, வெறும் மேஜையும் இல்லை. "அண்ணி, எனக்குக் கை வலிக்கவே இல்ல" என்று அதிசயமாகச் சொன்னாள். தரை காய்ந்து கிடந்தது. அந்தத் தரையின் நிறம் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு டிரையர் நின்றது. ஒரு கரகரப்பு, அப்புறம் மௌனம். அடுப்பு பொத்தானைத் தட்டினான், கதவைத் தட்டினான், தலையில் அடித்துக்கொண்டான். பாட்டு நின்றுவிட்டது. நாலு மணிச் சரக்கில் பாதிக்கு மேல் இன்னும் ஈரம். ஒரே டிரையரை வைத்துக்கொண்டு முடிகிற காரியம் இல்லை. அக்கா நாற்காலியில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தார், மாவுக்கட்டு விடவில்லை. அவர் அண்ணனைத்தான் பார்த்தார்.

அண்ணன் ஏற்கெனவே ஸ்பேனரோடு ஓடிக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நான்கு வாஷிங் மெஷினும் அவரைப் பிடித்து வைத்திருக்கும், வருகிறேன் வருகிறேன் என்று அங்கிருந்தே கத்திக்கொண்டிருப்பார். இன்று அவை அவர் இல்லாமலேயே நின்றுகொண்டிருந்தன. டிரையரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். பஞ்சு. துணியில் இருந்து உதிரும் தூசிப் பஞ்சு, ஒரு ஆள் போர்த்திக்கொண்டு படுக்கிற கனத்தில் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. காற்றுப் போகிற வழியே அடைத்து, மெஷின் சூடேறி நின்றிருக்கிறது.

"இதை எப்ப கடைசியாத் திறந்தோம்?" என்று அடுப்பைக் கேட்டார்.

"நீங்கதான் அண்ணே திறக்கணும். உங்களுக்கு எங்க நேரம் கிடைச்சுது?"

அண்ணன் பஞ்சுக் குவியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு மளமளவென்று சுத்தம் செய்து தகட்டை மாட்டினார். கையோடு கையாக அடுத்த டிரையரையும் நிறுத்தச் சொல்லித் திறந்தார். அதிலும் அதே கதை. இரண்டும் மறுபடி ஓடியபோது சத்தமே மாறியிருந்தது. அதுவரை இருமிக்கொண்டிருந்த மெஷின் இப்போது மூச்சு விட்டது. அடுப்பு வழக்கமான நேரம் ஆகட்டும் என்று காத்திருக்க, அண்ணன் அதற்கு வெகு முன்னாலேயே போய்க் கதவைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சு" என்றார். சின்னப் பையன் மாதிரி எல்லோர் முகத்தையும் பார்த்து இன்னொரு முறை சொன்னார். "இதுக்குள்ள காஞ்சிடுச்சு."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்ததை வேலை என்று சொல்ல மாட்டேன். டிராலி காலியாகும், அண்ணன் வாங்கிக்கொள்வார், அளவாக எடுத்துக் கொடுப்பார், அடுப்பு வாங்குவான், தங்கை வாங்குவாள், நான் வாங்கி வண்டியில் அடுக்குவேன். எனக்கும் கை துறுதுறுத்து இறங்கிவிட்டேன், டிரைவர் கடை வேலையைத் தொடுவதில்லை என்கிற என் கௌரவம் எங்கே போனதோ. அக்கா ஊன்றுகோலை நீட்டி நீட்டி அடுத்தது எது என்று காட்டுவார், அவ்வளவுதான். கடைசி விரிப்பு ரோலரில் இருந்து வந்ததும் அண்ணனே அதை மடித்து ஓடிவந்து என் வண்டியில் போட்டார். ஆஸ்பத்திரித் துணி முடிந்தது. லாட்ஜ் துணியை எடுக்கச் சொன்னார் அக்கா. நான் வண்டியைக் கிளப்பினேன்.

நாலு மணிக்கு முன்பே ஆஸ்பத்திரிப் பின்வாசலில் இருந்தேன். தலைமை நர்ஸ் தானே வந்தார். ஒரு துணிக்கட்டை எடுத்தார், நடுவில் கையை விட்டார். அங்கேயே சற்று வைத்திருந்தார். ஈரமோ, வாடையோ, என்ன குற்றம் கண்டுபிடித்தாரோ என்று நின்றேன்.

"சூடா இருக்கு" என்றார்.

"ஆமாங்க, இப்பத்தான் எடுத்தது."

"இத்தனை வருஷத்துல உங்க துணி சூடா வந்து நான் தொட்டதில்ல." கையை எடுக்க மனமில்லாமல் எடுத்தார். பிறகு உள்ளே திரும்பி, "அழுக்கை இவர் வண்டியிலேயே ஏத்துங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. எனக்கு அந்த அழுக்கு மூட்டைகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது.

திரும்பும் வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன். சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்தது, பின்வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள். அக்காவும் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி காலியாக வருகிறதா, பாரமாக வருகிறதா என்று சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். மேலே இருந்த மூட்டை ஒன்று சரிந்து அண்ணன் காலடியில் விழுந்தது.

அக்கா சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. தங்கை அவரைக் கட்டிக்கொண்டாள். அடுப்பு என்னைத் தூக்கவே பார்த்தான்.

அண்ணன் மட்டும் அந்த மூட்டையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் விறுவிறுவென்று போனார். பழக்கம் விடுமா? முதல் மெஷின் சும்மாதான் நின்றது, கதவும் திறந்திருந்தது. அதன் வாய்க்கு மூட்டையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். திரும்பி டிராலிகளைப் பார்த்தார். ஆறிலும் லாட்ஜ் விரிப்பு.

"போடவா?" என்று கேட்டார்.

அந்தக் கடையில் அவர் யாரையும் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரையர் பக்கம் பார்த்தார்.

"இருங்க. ஒண்ணு காலியாகட்டும்."

அவர் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சும்மா நின்ற மெஷினுக்குப் பக்கத்தில் தானும் சும்மா நின்றார்.